டர்பனில் உட்கார்ந்து கல்லா கூடை தைக்க

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் பக்கம், கல்லா (Gullah) என்ற கறுப்பின மக்கள் சுவீட்கிராஸ் என்ற புல்லால் செய்யும் கூடையைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தப் புல் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். அவர்களுக்கே அது கிடைப்பது குறைந்துவிட்டது; புல் வளர்ந்த கடலோரமெல்லாம் குடியிருப்பும் விடுதியுமாக மாறி, தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். அதனால் புல்லை விடுங்கள், முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பொருள் நம்ம தென்னாப்பிரிக்காவில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே இருக்கிறது.

கல்லா கூடையில் ஓலை குறுக்கும் நெடுக்குமாகப் போகாது. புல்லைக் கற்றையாகப் பிடித்து, வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு ஓலைக் கீற்றால் தைத்துக்கொண்டே போவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு போன கைவேலை இது. நெல் வயல்களில் உமி போக்க, நாம் முறத்தில் புடைப்பதுபோல, அகலத் தட்டுகளில் புடைத்தார்கள். அந்தத் தட்டுகளைச் சதுப்பு நிலக் கோரையால்தான் செய்தார்கள். வீட்டுக்கான மெல்லிய சுவீட்கிராஸ் கூடை பெரும்பாலும் பெண்கள் வேலை. 2006இல் தென் கரோலினா இதைத் தன் மாநிலக் கைவினையாக அறிவித்தது.

அந்தத் தட்டுக் கோரை ஜங்கஸ் (Juncus) இனம். நம்ம மாகாணத்துச் செயின்ட் லூசியாவில் மே மாதம் அறுக்கும் இன்செமா என்ற கோரையும் ஜங்கஸ்தான், ஜூலு பெண்கள் பாய் தைப்பது அதில்தான். நீங்களாகப் போய் அறுக்கக் கூடாது, அனுமதி வேண்டும்; பாய் தைப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய இன்செமா பாய் ஒன்றைப் பிரித்தாலே பழகப் போதும். தைக்கிற கீற்றுக்கு அங்கே பால்மெட்டோ என்ற பனை வகையின் ஓலை, இங்கே இலாலா ஓலை. இலாலா நம் பனைக்கு நெருங்கிய உறவு, ஜூலு கூடைக்காரர்களும் அதைத்தான் வைத்துத் தைக்கிறார்கள். கூடையில் பழுப்பு வளையம் வேண்டுமென்றால் பைன் மரத்தின் ஊசி இலை. இங்கே தோட்டங்களில் நட்டிருக்கும் ஸ்லாஷ் பைன் அந்த அமெரிக்கக் கரையிலிருந்தே வந்த மரம். கீழே உதிர்ந்து காய்ந்த நீள ஊசிகளைப் பொறுக்குங்கள். கீற்றுக்குப் பதிலாகக் கைவினைக் கடையில் கிடைக்கும் ராஃபியா நார் எனக்குப் பிடிக்காது, வழவழவென்று நழுவி முடிச்சு இறுகாது.

கருவி ஒன்றே ஒன்று. பழைய டீஸ்பூனின் குழியை வெட்டிவிட்டு, காம்பின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக அடித்து, அரம் போட்டு மழுக்குங்கள். கூராக வைத்தால் புல்லை அறுத்துவிடும். கல்லா கைகளிலும் இதே ஸ்பூன் காம்புதான், முன்னாளில் மாட்டு விலா எலும்பு.

சரி, தையல். இன்செமா விறைப்பானது, அதனால் தண்ணீர் தெளித்து ஈரத் துண்டில் சுற்றி வையுங்கள்; ஊற வைத்தால் காயும்போது சுருங்கித் தையல் தளர்ந்துவிடும். பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து நடுவே முடிச்சுப் போடுங்கள், எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. அந்த முடிச்சுதான் கூடையின் நடு. வால்களை ஒன்றாகச் சேர்த்து முடிச்சைச் சுற்றி வளைத்து, ஸ்பூன் காம்பால் முடிச்சில் துளையிட்டு, நுனி கூராக வெட்டிய கீற்றை நுழைத்து, புதுச் சுற்றின் மேலாகக் கொண்டுவந்து இழுங்கள். அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு தையலும் முந்தின சுற்றின் கற்றையைக் குத்திப் போக வேண்டும், முந்தின தையலுக்கு நேராக விழ வேண்டும். அப்படி விழுந்தால்தான் நடுவிலிருந்து கதிர் கதிராகக் கோடு வரும். வட்டம் பெரிதாகும்போது தையல்களுக்கு இடையே இடைவெளி கூடும், அங்கே ஒரு தையல் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்.

கற்றை மெலிவதற்கு முன்பே, மெலிந்த பிறகு அல்ல, இரண்டு மூன்று புல்லை அதன் நடுவில் சொருகுங்கள். ஓரத்தில் சொருகினால் நழுவி வெளியே வந்துவிடும். கீற்று தீர்ந்தால் முனையைக் கற்றைக்குள் செருகி மறைத்து, புதியதை உள்ளிருந்தே தொடங்குங்கள். முடிச்சே போடாதீர்கள்.

தட்டு அளவு வந்ததும் நிறுத்தி, அதுவரை செய்ததை மேசையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். நடு எழும்பி நின்றால் இழுப்பு அதிகம், ஓரம் அலையடித்தால் கற்றை தளர்வு. சுவர் எழுப்ப, அடுத்த சுற்றைப் பக்கத்தில் வைக்காமல் மேலே வைத்துத் தையுங்கள். கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் கிண்ணம், நேர் மேலே வைத்தால் டப்பா. முடிக்கிற இடத்தில் புல்லைச் சாய்வாக வெட்டி, கடைசி விரலளவு நெருக்கமாகத் தைத்தால் விளிம்பு படி மாதிரி துருத்தாது.

விற்க நினைத்தால் கல்லா கூடை என்று சொல்லி விற்காதீர்கள். மவுண்ட் பிளசன்ட் பதினேழாம் நெடுஞ்சாலையோரக் கடைகளில் அதையே நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. டர்பன் கோடையில் கூடையை மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்; பிடித்துவிட்டால் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள்.