ஃபிளாஸ்க்கை நிரப்பிவிடாதீர்கள்: பாக்டீரியாவும் மூச்சுவிட வேண்டும்

பாக்டீரியா வளர்க்கும் ஃபிளாஸ்க்கின் வாயில் பஞ்சுதானே அடைத்திருக்கிறது, காற்று தானாகப் போகாதா என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். போகும். ஆனால் பாக்டீரியாவுக்குப் பயன்படுவது நீரில் கரைந்த ஆக்சிஜன் மட்டுமே. 37 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான் கரையும். பாக்டீரியா பெருகி நன்றாகக் கலங்கிய கல்ச்சர் (ஊடகத்தில் வளரும் பாக்டீரியாக் கூட்டம்) அதை ஓரிரு நிமிடத்தில் தீர்த்துவிடும். அப்புறம் மேற்பரப்பு வழியாகப் புதிதாகக் கரைந்து வருவதை வைத்துத்தான் பிழைப்பு. இதை நேரில் பார்க்க ஒரு சோதனை:

1. நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 என்ற பாக்டீரியா வகையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.பி. ஊடகத்தில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக்கரைசல்) 0.2% குளுக்கோஸ் சேருங்கள் (குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்யவும், அதாவது அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்; சேர்த்து வேகவைத்தால் பழுப்பாகிவிடும்).

2. 250 மி.லி. ஃபிளாஸ்க் மூன்று. முதலாவதில் 25 மி.லி., மற்ற இரண்டிலும் 150 மி.லி. ஊடகம். மூன்றிலும் தொடக்க ஓ.டி. (கலங்கலின் அளவு; செல்கள் பெருகப் பெருக ஏறும்) 0.05 இருக்கும்படி கல்ச்சர் சேருங்கள்.

3. முதல் இரண்டும் ஷேக்கரில் (ஆட்டும் கருவி), 37 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று. மூன்றாவது அதே சூட்டில் ஆடாமல் இருக்கட்டும்.

4. மணிக்கொரு முறை 600 நானோமீட்டரில் ஓ.டி. பாருங்கள். 0.4-ஐத் தாண்டினால் நீர்த்து அளக்கவும். மூன்றாவதில் செல்கள் அடியில் படியும். மெதுவாக ஒரே சுழற்று போதும். குலுக்கினால் காற்றையும் சேர்த்து ஊட்டிவிடுவீர்கள்!

முதலில் மூன்றும் ஒன்றுபோலத்தான் ஏறும். கூட்டம் பெருகியதும் பிரியும். ஆக்சிஜன் தீர்ந்தால் ஈ.கோலை நொதித்தலுக்கு, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழிக்கு, மாறும். ஒரு குளுக்கோஸுக்கு நொதித்தலின் முதல் படியான கிளைக்காலிசிஸ் தருவது 2 ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு); சுவாசத்தில் அதைப்போலப் பல மடங்கு. கூடவே அசெட்டிக், லாக்டிக், ஃபார்மிக் அமிலங்களும் சேரும். மறுநாள் பி.எச். தாள் வைத்தால் மூன்றாவது ஃபிளாஸ்க் காட்டிக்கொடுத்துவிடும்.

5. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கலங்கிய கல்ச்சரில் 5 மி.லி. சோதனைக்குழாயில் எடுத்து, நீர்த்த மெத்திலீன் புளூ (ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா நிறமிழக்கச் செய்யும் நீலச் சாயம்) ஒரு சொட்டு விட்டு, ஆட்டாமல் வையுங்கள். நீலம் கீழிருந்து வெளுக்கும். காற்றைத் தொடும் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய நீல வளையம் நிற்கும். குழாயை மூடி நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். நீலம் திரும்பும், மறுபடி மறையும்.

ஒருமுறை என் முதல் ஃபிளாஸ்க் இரண்டாவதைவிட மோசமாக வளர்ந்தது. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பார்த்தேன்: பஞ்சு நனைந்து ஊறிக் காற்றை அடைத்திருந்தது. நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

முடிந்ததும் எல்லாவற்றையும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்டவும்.