ஸ்மார்ட் வகுப்புக்குக் கட்டணமா? பள்ளியில் கேட்க வேண்டியவை

சேரன்மகாதேவிப் பக்கம் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஜூன் பிறந்தால் பீடி சுற்றும் தாய்மார் சிலர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "டீச்சர், ஸ்மார்ட் வகுப்புக்கென்று தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?" பாடத்தைத் திரையில் வீடியோவாகக் காட்டும் வகுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பணம் கட்டுவது அவரவர் பாடு. கேள்வி கேட்காமல் மட்டும் கட்டாதீர்கள்.

பள்ளிக்குப் போகுமுன் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். திரையில் நடத்திய பாடத்துக்குப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறதா, தேதியோடு பக்கம் நின்றுவிட்டதா? பூவின் பாகங்களைத் திரையில் சுழற்றிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் "புரிந்தது" என்றுதான் சொல்லும். வேலியோரத்துச் செம்பருத்தி ஒன்றைப் பறித்துக் கையில் கொடுத்து, "சூலகத்தைக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் குழாயாகச் சேர்ந்து சூல்தண்டை மூடியிருக்கும். அதை மெல்லக் கிழித்து, அடியில் பருத்திருக்கும் சூற்பையை நகத்தால் கீறிக் காட்டிவிட்டால் பாடம் ஏறியிருக்கிறது. விழித்தால், எந்தப் பாடம், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். 'காலம் கெட்டுவிட்டது' என்று புலம்பினால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். தேதியோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

திரையே வேண்டாம் என்று சண்டைக்கும் போகாதீர்கள். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்கு வீடியோ நல்லது. ஆற்றங்கரைப் பள்ளியில் தாமிரபரணியைப் பற்றிய பாடத்துக்கும் வீடியோவா என்று கேளுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளியென்றால் இரண்டு மூன்று பேராகத் தலைமையாசிரியரைப் பாருங்கள். வகுப்பு ஆசிரியர் மீது பாயாதீர்கள், பாவம். பெரும்பாலும் அவர் கேட்டு வந்த பொருளல்ல அது.

அங்கே இந்த மூன்றையும் கேளுங்கள்: "ஒரு பிரிவேளையில் எத்தனை நிமிடம் வீடியோ ஓடும்? மின்சாரம் போனால் என்ன நடத்துவீர்கள்? இதனால் எந்தப் பிரிவேளை குறைந்தது?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள். விளையாட்டும் ஆய்வகமும்தான் வழக்கமாகப் பலியாகின்றன. விற்க வந்தவர் 'மதிப்பெண் கூடும்' என்று சொன்னதாகப் பள்ளி சொன்னால், எங்கே சோதித்தார்கள் என்று கேளுங்கள். யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது: பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதம் மட்டுமே, மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் முறையான சோதனை நடத்தியிருந்தன.

செயலி ஏதாவது பதிவிறக்கச் சொன்னால், பிள்ளையின் புகைப்படம், தொலைபேசி எண், இருப்பிடம் எல்லாம் எதற்கு என்று கேளுங்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அதைச் சொன்னால், எந்த விலக்கு என்று எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப் வீட்டுப்பாடம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே கைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். அதன்பிறகு பிள்ளை எப்போது எழுதி, எப்போது தூங்குவது? வீட்டுப்பாடத்தைப் பள்ளி விடுமுன் கரும்பலகையில் எழுதிப்போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் டைரியில் குறித்துக்கொள்ளட்டும். இதற்குப் பள்ளிக்குக் காலணா செலவில்லை, எனவே பேச்சை இதிலிருந்தே தொடங்கலாம். சம்மதித்தால் அன்றைய கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.