மன அழுத்த மாத்திரையும் தாம்பத்திய நாட்டமும்

மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சில பெண்களுக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும்; உச்சம் தாமதமாகும், வராமலும் போகும். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுண்டியது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பழைய நோயும் திரும்பலாம்.

வாய்விட்டுச் சொல்ல வரவில்லையா? துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள்: "மார்ச்சில் மாத்திரை ஆரம்பித்தேன். ஏப்ரலிலிருந்து ஆசையே இல்லை. முன்பு இப்படி இல்லை." இந்த மாதக் கணக்குதான் முக்கியம். மன அழுத்தமே ஆசையைக் குறைக்கும் என்பதால், காரணம் நோயா மருந்தா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். டாக்டர் டோஸைக் குறைக்கலாம். இந்தத் தொல்லை குறைவான புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்கு மாற்றலாம்.

மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ மார்பில் பால் கசிந்தாலோ, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். (கர்ப்பமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.)

பிறப்புறுப்பு வறட்சிக்கு மெடிக்கல் ஷாப்பில் தண்ணீரில் கரையும் ஜெல் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் போதாதா என்றால், ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு அது சரிவராது. எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்து கிழியும்.

அப்புறம், கணவரிடம் "இது மருந்தின் வேலை, உங்கள் மேல் வெறுப்பில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.