படிக்கவே இல்லை, குரூப் 4 எழுதப் போகலாமா? முடிவெடுக்க ஒரு வழி

தமிழக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தாச்சு, புத்தகம் பாதிகூடத் தாண்டவில்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் தேர்வு நெருங்கும்போதெல்லாம் கேட்கும் புலம்பல்தான் இது. நானும் இதே நிலையில்தான் கீழே உள்ளதைச் செய்து பார்த்து முடிவெடுத்தேன். விண்ணப்பம், ஒருமுறைப் பதிவு எல்லாம் முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: போனால் எது கழியும், போகாவிட்டால் எது மிஞ்சும் என்று பாருங்கள். யூபிஎஸ்சி சிவில் சர்வீஸில் முதல்நிலைத் தேர்வின் ஒரு தாளை எழுதினாலே ஒரு வாய்ப்பு போய்விடும். பொதுப் பிரிவுக்கு 6, ஓபிசிக்கு 9தான். அங்கே அரைகுறையாகப் போவது நஷ்டம். குரூப் 4-க்கு அப்படி வரம்பு கிடையாது, தவறான விடைக்கு மைனஸும் கிடையாது. பிசி, எம்பிசிக்கான மூன்று இலவச (கட்டணமில்லா) வாய்ப்புகளோ விண்ணப்பத்தில் கேட்டதுமே கணக்கில் ஏறிவிடும். வீட்டில் உட்கார்ந்தால் மிச்சமாகாது.

இரண்டாவது, அளந்து பார்ப்பது. பெரும்பாலானோர் பழைய வினாத்தாளின் 200 கேள்வியையும் போட்டுப் பார்த்து, கணக்கில் சொதப்பி, சோர்ந்து படுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தமிழ்ப் பகுதியின் 100 கேள்வியை மட்டும் எடுங்கள். அதில் 150-க்கு 60 மதிப்பெண் வந்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்துவார்கள். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 40 சரியாக இருக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததற்கு மட்டும் ஓரத்தில் டிக் போடுங்கள், குத்துமதிப்பாக அடித்ததை விடுங்கள். பிறகு விடைக்குறிப்போடு சரிபார்த்து, டிக் போட்டதில் சரியானதை எண்ணுங்கள். 20 தேறினால், மீதி 80-ல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நாலுக்கு ஒன்று வீதம் சராசரியாக 20 வரும். விளிம்பு. 30 தேறினால் கிளம்புங்கள், யோசிக்கவே வேண்டாம். 10 என்றால் மொத்தம் 32 பக்கம் நிற்கும், கஷ்டம். 60 வாங்கினால் வேலை கிடைத்துவிடாது, கட்-ஆஃப் எங்கோ மேலே இருக்கும். ஆனால் முழுத் தாளும் திருத்தப்பட்டால்தான் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே தெரியும்.

வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே எடுங்கள், 2025 தாளே போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களை நான் நம்புவதில்லை, விடையே தப்பாக இருக்கும். படிக்க நாள் இருந்தால் சமச்சீர் பள்ளித் தமிழ்ப் புத்தகம், வேறு எதுவும் வேண்டாம்.

ஓஎம்ஆர் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள். ஐந்தாவதான ‘இ’ (E) வட்டம் விடை தெரியவில்லை என்பதற்கு. எதையும் நிரப்பாமல் காலியாக விட்டால் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். தவறான விடைக்கு மைனஸ் இல்லாத தேர்வில் ‘இ’யை நிரப்புவதைவிட ஏதாவது ஒன்றை அடிப்பதே மேல் என்பது என் கட்சி.

அப்புறம் மழை. குரூப் 4 தேர்வு நடந்தது 2022-ல் ஜூலை 24, 2024-ல் ஜூன் 9, 2025-ல் ஜூலை 12. மூன்றும் தென்மேற்குப் பருவமழைக் காலம். கூடலூரில் இருந்துகொண்டு ஊட்டி மையத்தைப் போட்டிருந்தால், நடுவட்டம் வழியாக 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு மரம் விழுந்தால் போதும். 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். தங்க இடமில்லை என்றால் அதையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: 2025 தேர்வு சனிக்கிழமை. எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போகுமே என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். டிக் எண்ணிக்கை 10-க்குக் கீழே, தேர்வுக்கு ஒரு வாரம்தான் என்றால், அக்கா, வேலைக்கே போங்கள். 20-ஐத் தொட்டால் லீவு சொல்லிவிடுங்கள்.