மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டே வேலையில் நீடிக்க: அலுவலகத்திடம் கேட்டுப் பெறுவது எப்படி

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, நாள்பட்ட மனச்சோர்வு போன்றவற்றோடு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தியாவில் இரண்டு சட்டங்கள் துணை நிற்கின்றன: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. அலுவலகத்தில் வேலை நேரத்தையோ வேலையின் தன்மையையோ மாற்றிக் கேட்க முதல் சட்டம்தான் கைகொடுக்கும். தேவையான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது. நிர்வாகத்துக்கு அளவுமீறிய சுமையாக இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

பலர் 40 விழுக்காடு மாற்றுத்திறன் என்ற சான்று இல்லையே என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்த அளவு, அரசு வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு. பாகுபாடு காட்டக்கூடாது என்ற பாதுகாப்புக்கு நீண்டகாலப் பாதிப்பு இருந்தாலே போதும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) கையில் இருந்தால் வாதம் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை மருத்துவரிடம். 'இவருக்கு ஓய்வு தேவை' என்று ஒற்றை வரியில் வாங்கும் சான்று ஒரு வாரத்து விடுப்புக்கு மட்டுமே உதவும். கடிதத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும்: எது சிரமம், எந்த மாற்றம் வேண்டும், எவ்வளவு காலத்துக்கு. நோயின் பெயர் அதில் இருக்க வேண்டுமா என்பதை நீங்களும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் சம்மதமின்றி மருத்துவர் அலுவலகத்திடம் விவரம் சொல்லக்கூடாது. 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த இரகசியத்தைக் காக்கிறது.

எதைக் கேட்பது என்பது மருந்தையும் நோயையும் பொறுத்தது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு நைட் ஷிஃப்ட் பெரிய ஆபத்து. தூக்கம் கெட்டால் அதுவே அதீத எழுச்சி நிலையை (மேனியா) தூண்டிவிடும். எனவே நிரந்தரப் பகல் ஷிஃப்ட் கேளுங்கள். அதே நோய்க்கு லித்தியம் மருந்து எடுப்பவருக்கு, இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். பரிசோதனை நாளில் இரண்டு மணி நேர அனுமதி போதும். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்து தொடங்கினால் முதல் 18 வாரங்கள் வாராவாரம் இரத்தப் பரிசோதனை இருக்கும். அதை முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 'அடிக்கடி லீவு' என்ற பெயர்தான் மிஞ்சும். இரவு மாத்திரையால் காலை மந்தம் இருந்தால் 9 மணிக்குப் பதில் 10 மணிக்கு வந்து மாலையில் ஈடுகட்டலாம். வேலையைக் குறைத்துத் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிக் குறிப்பாகக் கேட்பதுதான் நிறைவேறும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

'நான் தொடர் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். 2016 சட்டத்தின்படி, ஆறு மாதங்களுக்கு எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும். மருத்துவ விவரங்களை மனிதவளப் பிரிவுக்கு வெளியே பகிர வேண்டாம்.'

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அவர் மாறிப் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அனுப்பும் முன் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனமும் அதை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் தேவைகளைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். பல இடங்களில் கொள்கையே இருக்காது. 'கொள்கை உள்ளதா?' என்று எழுத்தில் கேட்கும் ஒரு மின்னஞ்சலே மனிதவளப் பிரிவை நகர்த்தும். மாற்றத்துக்கான செலவை உங்கள் தலையில் கட்டக்கூடாது என்றும் 2016 சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகள் சொல்கின்றன.

மறுத்தால், நிறுவனத் தலைவருக்குப் புகார் எழுதுங்கள். அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது மறுப்பு ஏன் நியாயம் என்று எழுத்தில் விளக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். அவர் 60 நாளில் முடிக்க வேண்டும். அரசு அலுவலகம் என்றால் முதலில் குறைதீர் அலுவலர். அவருக்கு இரண்டு வார கெடு. அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்று 2016 சட்டத்தின் 20(4) பிரிவு சொல்கிறது. அந்தப் பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும்.

மிக மோசமான சிக்கல், நோய் முற்றிய நாட்களில் சொல்லாமல் வராமல் இருந்து மெமோ வருவது. மெமோவுக்குப் பதில் எழுதாமல் விட்டால் ஒருதலையாக முடிவாகிவிடும். கெடுவுக்குள், நடந்ததற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவச் சான்றோடு எழுதுங்கள். சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமான நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதுவே முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிலில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

சோர்வு ஆழமாக இருக்கும் வாரத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டாலும், அது ஏற்கப்படும் முன் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றே எழுத்தில் அனுப்புங்கள். அந்த இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.