ரசீது பத்திரமாக இருக்கிறது, சரி. அதில் என்ன எழுதியிருக்கிறது?

அப்பா சொத்து வரி ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அரையாண்டுக்கு ஒன்று, ஆண்டுவாரியாக ரப்பர் பேண்டு போட்டு. ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அவர் போன பிறகு அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று டின்னைத் திறந்தபோதுதான் பார்த்தோம்: அத்தனை ரசீதிலும் உரிமையாளர் என்ற இடத்தில் தாத்தா இருந்தார். கதவு எண் பழையது. மாடி கட்டிப் பதினைந்து வருஷம் ஆகியும் பரப்பளவு தரைத்தளத்தோடு நின்றிருந்தது. அதைச் சரிசெய்ய ஏழெட்டு நடை ஆயிற்று. யாரையும் குறை சொல்ல வழியில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தத் தாளைப் படித்ததே இல்லை.

அதற்கப்புறம் உறவிலும் தெருவிலும் யாராவது வரி நோட்டீஸோடு வந்தால் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நான் பார்த்தவரை, பணம் கட்டாமல் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. பதிவேட்டில் தங்கள் வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டிக்கொண்டே வந்தவர்கள்தான் அதிகம்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பரப்பளவு, தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, குடியிருக்கவா கடைக்கா, கட்டடம் எப்போது கட்டியது, இவற்றை வைத்து ஓர் ஆண்டு மதிப்பு போடுகிறார்கள். வரி அதில் ஒரு பங்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நூலக வரி என்று வரியில் பத்தில் ஒரு பங்கும் சேர்ந்து வரும். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வருவது அது. ரசீதில் அந்த வரியைப் பார்த்து “இது என்ன புதுசா?” என்று கேட்காதவர் இல்லை.

பரப்பளவில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அதிகமாகப் பணம் கரைவது அங்கேதான். 2022இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைச் சீரமைத்தபோது உயர்வைப் பரப்பளவுப் படிகளாக வைத்தார்கள். குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையில் 2011க்கு முந்தைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் இதே படிகளுக்கு 50, 75, 100, 150. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கு வெளியே ஒரு வீடு, அதுவரை அரையாண்டு வரி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் 1,190 சதுர அடி என்றிருந்தால் வரி 1,500 ஆகும். 1,210 என்றிருந்தால் 1,750. இருபது சதுர அடி என்பது ஒரு சின்னக் குளியலறையைவிடக் குறைவு. அதற்கு ஓர் அரையாண்டுக்கு 250 ரூபாய், அதுவும் வருஷக்கணக்காக.

அதனால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். அனுமதி பெற்ற கட்டட வரைபடம், பத்திரம், வரிப் பதிவேடு மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பில்டர் விற்கும்போது சொல்லும் பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடித் தொட்டி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அடங்கியிருக்கும். வீட்டு விவரத்தை நாமே நிரப்பிக் கொடுக்கும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் அந்தப் பெரிய எண்ணை யோசிக்காமல் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. எந்தப் பரப்பு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். குறைத்து எழுதுவதும் உதவாது. இப்போது செயற்கைக்கோள் படம், ட்ரோன் என்று மேலிருந்தே அளக்கிறார்கள்; கோவையில் ட்ரோன் அளவீடு வந்தபோது எவ்வளவு கூச்சல் எழுந்தது என்று படித்திருப்பீர்கள். மாடி மறைந்து நிற்காது. கண்டுபிடித்தால் விட்டுப்போன அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

அடுத்தது பயன்பாடு. முன்பக்க அறையை உடைத்து ஷட்டர் போட்டு டெய்லர் கடைக்கு வாடகைக்கு விட்டாயிற்று. மின் இணைப்பை மட்டும் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டு, சொத்து வரியில் ‘குடியிருப்பு’ என்றே விட்டுவிடுவது வழக்கம். இரண்டு பதிவையும் ஒப்பிட ஒருநாள் ஆள் வரும். வணிகக் கட்டடங்களுக்கு 2022 உயர்வு பொதுவாக 100 சதவீதம், சென்னையின் பழைய பகுதியில் 150. இதில் தலைகீழ் தவறும் நடக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. கடையைக் காலி செய்து அந்த இடத்தைத் திரும்ப வீட்டோடு சேர்த்துக்கொண்ட பிறகும் வணிக வரியே ஓடிக்கொண்டிருக்கும். நாம் எழுதிக் கொடுக்காமல் அது தானாகக் குறையாது.

வீடு வாங்குகிறவர்கள் செய்யும் தவறு வேறு ரகம். வில்லங்கச் சான்று பார்ப்பார்கள், தாய்ப்பத்திரம் பார்ப்பார்கள், வக்கீலிடம் கருத்துக் கேட்பார்கள். வரி நிலுவையை மட்டும் விட்டுவிடுவார்கள். சொத்து வரி பாக்கி ஆளைத் தொடராது, சொத்தைத் தொடரும். முந்தைய உரிமையாளர் ஐந்து வருஷம் கட்டாமல் விட்டிருந்தால், சாவி உங்கள் கைக்கு வந்த பிறகு நோட்டீஸும் உங்கள் கதவுக்கே வரும். மனை வாங்கினால் காலிமனை வரியையும் கேளுங்கள். அது இருப்பதே பலருக்கு வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் தெரிகிறது. விற்பவரிடம் வரிவிதிப்பு எண்ணை வாங்கி ஆன்லைனில் போட்டால் நிலுவை இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சென்னையில் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என்று நான்கு பகுதியாக இருக்கும். நான்கையும் சரியாக எழுதி வாங்குங்கள். துணை எண்ணில் ஓர் இலக்கம் மாறி பக்கத்து ஃபிளாட்டுக்கு வரி கட்டிவிட்டு, திரும்ப வாங்க அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பத்திரம் பதிந்தால் வரியில் பெயர் தானாக மாறிவிடும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். மாறியிருக்கிறதா என்று அடுத்த அரையாண்டு ரசீதிலேயே பாருங்கள். அதே சமயம், ரசீதில் பெயர் வந்துவிட்டதால் வீடு தனதாகிவிட்டது என்று நினைக்கிற அண்ணன் தம்பிகளும் இருக்கிறார்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன.

இனி, “சார், நான் பார்த்துக்கிறேன்” என்று வரும் புரோக்கர். இவரைப் பற்றிச் சொல்ல மதுரை ஒன்றே போதும். அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திப் பல கட்டடங்களின் வரியைக் கணினியில் குறைத்துவிட்டதாக அந்த மாநகராட்சியில் கிளம்பிய விவகாரம் 2025இல் கைதுகள் வரை போனது. இப்படிக் குறைத்த கட்டடங்களின் கணக்கை மறுபடி திறந்து பார்க்காமல் விடுவார்களா? புரோக்கருக்குக் கொடுத்தது ஒரு பக்கம் போக, முழு வரியும் வந்து நிற்கும். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் நோட்டீஸில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுங்கள். காரணம், அளவு, வரைபட நகல், இவை போதும். கவுன்சிலரிடம் வாயால் சொன்னது ஆட்சேபம் ஆகாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

வரி வேறு, கட்டணம் வேறு என்பதும் பலருக்குக் குழப்பம். சென்னையில் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருப்பார்கள். குடிநீர், கழிவுநீர் வரி குடிநீர் வாரியத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அது ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். அதற்கு மேல் தண்ணீர்க் கட்டணம் வேறு. மற்ற ஊர்களில் குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் அதே உள்ளாட்சிக்கே போனாலும் கணக்கு தனித்தனி. ஒன்றைக் கட்டி இன்னொன்றில் பாக்கி வைத்தால், வீடு விற்கும் நாளில்தான் அது எட்டிப் பார்க்கும். குப்பைக் கட்டணத்தைச் சென்னையில் 2021 ஜனவரி முதல் வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் கட்டணம் வாங்கச் சொன்னவைதான். எனவே வேறு ஊரில் இருக்கும் உறவினர் “எங்களுக்கு இல்லையே” என்பதை வைத்து உங்கள் பில்லைத் தள்ளிவிடாதீர்கள்.

“தெருவிளக்கு எரியல, நான் வரி கட்ட மாட்டேன்.” இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இது செல்லாது. கட்டணம் என்றால் சேவைக்கு விலை. வரி அப்படி இல்லை. மேலும் உள்ளாட்சியின் சொந்த வருமானத்தை எண்ணிப் பாருங்கள். தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று அரசியலமைப்பிலேயே 1988இல் கட்டிப்போட்டாயிற்று. அன்றைய 2,500 இன்றைக்கு எம்மாத்திரம்? மிச்சம் பெரும்பாலும் மாநிலமும் மத்தியும் கொடுக்கிற மானியம். கொஞ்சம் விரிய இடமுள்ள ஒரே சொந்தப் பணம் சொத்து வரிதான். அதை நிறுத்தினால் விளக்கு இன்னும் தாமதமாகத்தான் எரியும். வரியைக் கட்டிவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கிராமத்தில் என்றால் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைக்கச் சொல்லிக் கேட்கலாம். நகரத்தில் வார்டு குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபாவும் வந்திருக்கின்றன. எங்கள் பகுதி சபாவில் பாதி நாற்காலி காலி.

தவறு மக்கள் பக்கம் மட்டும் என்று எழுதினால் நியாயமாக இருக்காது. சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் வரியைத் தொடாமலே வைத்திருந்தார்கள். 2018இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களின் பணத்தை அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சரியாகக் கழித்தார்களா என்று பார்த்தவர்கள் எத்தனை பேரோ. பிறகு, சொத்து வரியைச் சீர்செய்தால்தான் மானியம் என்று மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்ததும் 2022இல் ஒரே அடியாக ஏற்றினார்கள். ஆண்டுக்கு ஐந்து ரூபாயாக ஏறியிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றால் ஓய்வூதியத்தில் வாழ்கிற மனிதர் என்ன செய்வார்?

கடைசியாக, தேதி. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். கெடு தாண்டிய பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. மார்ச் கடைசி வாரத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். தள்ளுபடியை விட்டுவிட்டு, பழைய பாக்கி இருந்தால் வட்டியையும் கட்டி, வெயிலிலும் நிற்கிறார்கள்.

எங்கள் பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது. புது ரசீதில் அம்மா பெயர், புது கதவு எண், மாடியோடு சேர்த்த பரப்பளவு. வரி கூடிவிட்டது; அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். இனிஷியல் மட்டும் ‘க’வுக்குப் பதில் ‘சு’ என்று விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை போக வேண்டும்.