வீட்டிலும் அலுவலகத்திலும் விசுவாசத்தை மறைக்காமல் வாழ்வது எப்படி

கிறிஸ்தவரல்லாத குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பின் இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, சபையில் சாட்சி சொல்வதைவிடச் சொந்த வீட்டுக் கூடத்தில் வேதாகமத்தைத் திறந்துவைத்து உட்காருவதே கடினம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், ஜெபத்துக்கென்று ஒரு நேரத்தையும் இடத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்ற தரியு ராஜாவின் தடை உத்தரவை அறிந்த பிறகும் தானியேல் தீர்க்கதரிசி தம் மேலறையில், பலகணிகள் திறந்திருக்க, நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். அதையும் ‘முன் செய்துவந்தபடியே’ செய்தார் என்று வேதாகமம் சொல்கிறது. எனக்கு அந்தச் சொற்கள்தான் முக்கியம். தெருவுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்ட வேண்டாம். யாராவது அறைக்குள் வந்தால் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளவும் வேண்டாம்.

அடுத்து, சொல்லவேண்டியதைச் சச்சரவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பண்டிகை நாளில் உறவினர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, திருநீற்றுத் தட்டு முன்னால் நீளும்போது மறுத்தால், அம்மாவுக்கு அது நான்கு பேர் முன்னால் நேர்ந்த அவமானமாகிவிடும். இரண்டு நாள் முன்பாக, அடுப்படியில் அவர் தனியாக இருக்கும்போது, “அம்மா, நான் இப்போ இயேசுவைத்தான் கும்பிடுறேன். படையலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, மத்த வேலையெல்லாம் நானே பார்த்துக்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி வேலையையும் செய்யுங்கள்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே மேலாளரிடம் பேசினேன். மேசைகளைத் துடைத்தேன், பொரிகடலைப் பொட்டலம் கட்டினேன், தீபாராதனையின்போது மட்டும் சாம்பிராணிப் புகை எட்டாத வாசலருகே நின்றேன். இரண்டு பேர் சில வாரங்கள் என்னுடன் பேசவில்லை. அது மிகவும் வலித்தது.

படைத்த உணவைப் பற்றிக் குழப்பம் இருந்தால், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 ஆகிய அதிகாரங்களை நிதானமாக வாசியுங்கள். விருந்தில் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடவும், அது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால் அவருடைய மனச்சாட்சியின் பொருட்டுத் தவிர்க்கவும் அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொல்கிறார்.

தனியாக நிற்க முயலாதீர்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, தம் துயர நாட்களில், திருவிதாங்கூர் படையில் பணியாற்றிய டிலனாய் என்ற தளபதியிடம், எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் வேதாகமக் கதையைக் கேட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் பின்வாங்கவில்லை. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருக்கே கஷ்ட காலத்தில் அருகில் உட்கார்ந்து பேச ஒரு நண்பர் தேவைப்பட்டார். உங்கள் சபையிலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

பேச்சு மிரட்டலாகவோ அடியாகவோ மாறினால், பொறுமை என்ற பெயரில் அதை மூடிமறைக்காதீர்கள். மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் உரிமையையும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். இது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எருசலேமில் சாட்டையால் அடிக்க வாரினால் கட்டப்பட்டபோது, தாம் ரோமக் குடிமகன் என்பதைப் பவுலே எடுத்துச் சொன்னார் என்பதை நினைவூட்டுங்கள்.